வீட்டுப் பற்றாக்குறை பற்றி வாதாடப் போகிறீர்களா? அதற்கு முன் செய்ய வேண்டியவை

"வீடு பத்தவில்லை, நிறையக் கட்ட வேண்டும்" என்பார் ஒருவர். "கட்டினதே பூட்டிக் கிடக்கிறது, இன்னும் எதற்கு?" என்பார் இன்னொருவர். பத்து நிமிடத்தில் குரல் ஏறும், அப்புறம் ஒருவர் மற்றவரை பில்டரின் கைக்கூலி என்பார், அவர் பதிலுக்கு இவரைச் சுயநலவாதி என்பார். இரண்டு பேர் பேச்சிலும் உண்மை இருக்கும், ஆனால் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எங்கே, யாருக்கு, எத்தனை ஆண்டுக்குள் வீடு வேண்டும் என்று பேசாமல் வீடு வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் பேசினால் அப்படித்தான் ஆகும். இந்த வாதத்தில் உருப்படியாக ஏதாவது சொல்ல நினைப்பவர்களுக்கும், தங்கள் தெருவில் வரப்போகும் கட்டடத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்களுக்கும் இது ஒரு வழிமுறை. என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: வேலை கிடைக்கும் இடத்துக்கு அருகில் தாராளமாகக் கட்ட விட வேண்டும் என்கிற கட்சி நான். கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற கட்சி இல்லை.

எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

யாராவது "இத்தனை லட்சம் வீடு பற்றாக்குறை" என்றால், அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இந்திய நகரங்களில் 1.88 கோடி வீடுகள் குறைவாக இருப்பதாக மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு 2012இல் கணக்குச் சொன்னது. கேட்டவுடன் அத்தனை குடும்பங்களும் வெட்டவெளியில் நிற்பதாகத் தோன்றும். பிரித்துப் பார்த்தால், வீடே இல்லாதவர்கள் சுமார் 5 லட்சம்தான். ஏறக்குறைய 1.5 கோடி, அதாவது மொத்தத்தில் 80 சதவீதம், நெரிசல் கணக்கு: கூரை இருக்கிறது, ஆனால் உள்ளே திருமணமான ஒரு ஜோடிக்குத் தனியாக ஓர் அறை கிடையாது. மிச்சம், பழுதடைந்த வீடுகளும் ஓட்டை உடைசலான குடிசைகளும். இந்தப் பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்த வருமானக்காரர்களுடையது.

சரி, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? நாட்டின் நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலி. இரண்டுமே அரசாங்க எண்கள்தான், இரண்டுமே ஒரே சமயத்தில் உண்மையாகவும் இருக்க முடியும். பூட்டிக் கிடக்கும் வீடு ஒரு மூலையில், இடம் இல்லாமல் நெருக்கியடித்து வாழும் குடும்பம் இன்னொரு மூலையில், அந்த வீட்டின் வாடகையோ அந்தக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்தில். எண்ணை வைத்து வாதாடுகிறவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார். நீங்கள் மற்றதை எடுத்துக்கொண்டு போங்கள்.

காலி வீடு என்றால் என்ன காலி?

காலி வீடுகளை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. ஒரு குடித்தனம் போய் அடுத்தது வருவதற்கு இடையில் இருக்கும் வீடு, விற்பனையாகாமல் பில்டர் கையில் இருப்பது, அண்ணன் தம்பி வழக்கில் மாட்டியிருப்பது, விடுமுறைக்கு மட்டும் திறப்பது, விலை ஏறட்டும் என்று வாங்கிப் பூட்டி வைத்தது, எல்லாமே கணக்கில் 'காலி' என்றுதான் வரும். முதல் வகை இருந்தே ஆக வேண்டும், அது சுத்தமாக இல்லாத ஊரில் யாரும் வீடு மாறவே முடியாது, வீட்டுக்காரர் கேட்டதுதான் வாடகை. கடைசி வகையின் மேல் வரி போடலாம், போடவும் வேண்டும். வான்கூவர் 2017 முதல் காலி வீடுகளுக்குத் தனி வரி வசூலிக்கிறது, காலி வீடுகளும் குறைந்தன. ஆனால் அந்த ஊர் இன்றும் கனடாவிலேயே வீட்டு விலை மிக அதிகமான நகரங்களில் ஒன்று. பூட்டைத் திறப்பதால் ஒருமுறை கிடைக்கும் லாபம் கிடைக்கும், வருடா வருடம் ஊருக்குள் வந்து சேர்கிறவர்களுக்கு அது போதாது.

"அதிகமாகக் கட்டினால் பேய் ஊர்தான் மிஞ்சும்" என்று யாராவது அயர்லாந்தை இழுப்பார். இழுக்கட்டும், அது நல்ல உதாரணம்தான், முழுவதையும் சொன்னால். 2006இல் அந்தச் சின்ன நாடு ஒரே ஆண்டில் சுமார் 90 ஆயிரம் வீடுகளைக் கட்டியது, நிறைய வீடுகள் வேலையே இல்லாத சிற்றூர்களின் ஓரத்தில். 2008இல் வங்கிகள் கவிழ்ந்தபோது பாதியில் நின்ற குடியிருப்புத் திட்டங்கள் ஆயிரக்கணக்கில். அப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை: கொத்தனாரும் தச்சரும் வேறு தொழிலுக்கோ வேறு நாட்டுக்கோ போய்விட்டார்கள், கட்டுமானம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது, அடுத்த பத்தாண்டுக்குள் தலைநகர் டப்ளினில் வாடகை வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. இடம் தப்பாகக் கட்டியதும் நடந்தது, பிறகு கட்டாமல் விட்டதும் நடந்தது.

ஒரு மனையை எடுத்து நீங்களே கணக்குப் போடுங்கள்

இது இந்த வழிமுறையிலேயே முக்கியமான வேலை, ஒரு பேப்பரும் பேனாவும் போதும். விதிமுறை என்பது காகிதத்தில் சும்மா ஒரு எண்ணாக இருக்கும், மனையில் இறக்கினால்தான் அது எத்தனை வீட்டைச் சாப்பிடுகிறது என்று தெரியும்.

40க்கு 60 அடி மனை, மொத்தம் 2,400 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனையின் பரப்பைப்போல இரண்டு மடங்கு, 4,800 சதுர அடி வரை கட்டலாம். தாராளம்தானே என்று தோன்றும். இப்போது சுற்றிலும் விட வேண்டிய இடத்தைக் கழியுங்கள்: முன்னும் பின்னும் பத்துப் பத்து அடி, பக்கவாட்டில் ஐந்தைந்து. மிஞ்சுவது 30க்கு 40, ஒரு தளத்துக்கு 1,200 சதுர அடி. உயரக் கட்டுப்பாடு மூன்று தளம் என்றால் மொத்தமே 3,600. குறியீடு கொடுத்த 4,800இல் 1,200ஐ உயரம் பிடுங்கிக்கொண்டது. இனி கார் நிறுத்தம். வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 300 சதுர அடி வேண்டும், வீட்டுக்கு ஒரு கார் கட்டாயம் என்றால் தரைத்தளம் முழுவதும் அதற்கே போய்விடும். மீதி 2,400. படிக்கட்டையும் சேர்த்து வீட்டுக்கு 600 என்று போட்டால் நான்கு வீடு.

கார் கட்டாயத்தை எடுத்துவிட்டால் ஆறு. கூடவே ஒரு தளம் அனுமதித்தால் எட்டு. அதே மண், அதே குறியீடு, நான்கு எட்டாகிறது, நிலத்துக்குக் கொடுத்த பணத்தை நான்கு குடும்பம் சுமப்பதற்குப் பதிலாக எட்டுக் குடும்பம் பங்கிடுகிறது. அதனால் குறியீட்டை மட்டும் ஏற்றிவிட்டு "தளர்த்திவிட்டோம்" என்று அறிவிப்பு வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள், உயரம், சுற்று இடம், கார் நிறுத்தம், குறைந்தபட்ச மனை அளவு இந்த நான்கும் அப்படியே இருந்தால் ஒன்றும் மாறாது. அமெரிக்காவின் ஹூஸ்டன் 1998இல் நகரின் மையப்பகுதியில் குறைந்தபட்ச மனையை 5,000 சதுர அடியிலிருந்து 1,400க்குக் குறைத்தது, ஒரு பழைய வீடு நின்ற இடத்தில் மூன்று நான்கு ஒடுக்கமான வீடுகள் வரத் தொடங்கின. அந்த ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் வந்தது அது. தீயணைப்பு வழி, காற்று, வெளிச்சம் பற்றிய விதிகளில் கை வைக்கச் சொல்லவில்லை, அவற்றைக் கார் நிறுத்த விதியோடு சேர்த்து "பாதுகாப்பு" என்று ஒரே குரலில் பேசுகிறவர்களை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.

இங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல கேள்வி இருக்கிறது, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே எழுப்பிக்கொள்ளுங்கள்: எட்டு வீடு கட்டலாம் என்று ஆனதும் மனைக்காரர் விலையை ஏற்ற மாட்டாரா? ஏற்றுவார். ஒரே ஒரு தெருவுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் லாபம் முழுக்க அந்தத் தெருக்காரர்கள் பாக்கெட்டுக்குத்தான் போகும். ஊர் முழுக்கக் கொடுத்தால் ஆயிரக்கணக்கான மனைகள் ஒன்றோடொன்று போட்டி போட வேண்டியிருக்கும், யாரும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் செய்தது இதைத்தான்: குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்தது, அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் கட்டட அனுமதிகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. அதில் எவ்வளவு இந்த மாற்றத்தால் வந்தது, வாடகை எவ்வளவு தணிந்தது என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், ஆனால் வீடுகள் எழுந்தது கண்ணுக்குத் தெரிகிறது.

"பணக்காரர்களுக்குத்தானே கட்டுகிறார்கள்?"

இது அடிக்கடி வரும், நியாயமான கோபமும்கூட. பதிலுக்குப் பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஹெல்சின்கியைச் சொல்லுங்கள். பின்லாந்தில் யார் எந்த முகவரியில் இருக்கிறார்கள் என்பது பதிவேட்டில் துல்லியமாக இருப்பதால், புது வீட்டுக்குப் போனவர் விட்ட வீட்டுக்கு யார் வந்தார், அவர் விட்ட வீட்டுக்கு யார் வந்தார் என்று ஆய்வாளர்கள் சங்கிலிபோலத் தொடர முடிந்தது. நகர மையத்தில் சந்தை விலையில் கட்டிய ஒவ்வொரு 100 வீட்டுக்கும், பகுதிகளை வருமானப்படி வரிசைப்படுத்தினால் கீழ்ப்பாதியில் வரும் பகுதிகளில் சுமார் 60 வீடுகள் காலியாயின, அதுவும் ஓரிரு ஆண்டுக்குள். ஆக, பணக்காரருக்குக் கட்டினாலும் கீழே கொஞ்சம் இடம் விடுகிறது. கட்ட விடாவிட்டால் அந்தப் பணக்காரர் பழைய வீட்டையே கூடுதல் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு அதிகமாக அளக்காதீர்கள். சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை போனாலும் அங்கே ஒரு வாடகை உண்டு, அந்த வாடகையையும் கொடுக்க முடியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசுப் பணம் வந்தே ஆக வேண்டும். வியன்னாவில் ஏறக்குறைய பாதிப் பேர் நகராட்சி வீட்டிலோ மானியத்தில் கட்டிய வீட்டிலோ இருக்கிறார்கள், 1920களில் தொடங்கியதை இன்றும் செய்துவருகிறார்கள். சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை 1960இல் ஆரம்பித்தது, இன்று அங்கே வசிப்பவர்களில் முக்கால் பங்குக்கும் மேல் அந்தக் கழகம் கட்டிய வீடுகளில். இந்த இரண்டு பெயரையும் "சந்தையை நம்பாதே" என்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள், சரிதான், ஆனால் இரண்டு ஊருமே மளமளவென்று கட்டிய ஊர்கள் என்பதை விட்டுவிடுவார்கள்.

வாடகைக்கு உச்சவரம்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். இது இன்று குடியிருப்பவருக்கு உதவும், நாளை வருகிறவருக்கு உதவாது, அதனால் யாருக்காகப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சான் பிரான்சிஸ்கோ 1994இல் சின்னக் கட்டடங்களுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டை விரித்தது. பின்னாளில் ஆராய்ந்து பார்த்ததில், குடியிருந்தவர்கள் அதே இடத்தில் நிலைத்திருப்பது கூடியது, அதே சமயம் அந்தக் கட்டடங்களின் உரிமையாளர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்துவிட்டார்கள், விற்றோ மாற்றிக் கட்டியோ. பெர்லின் (ஜெர்மனியில் அது நகரம் மட்டுமல்ல, ஒரு மாநிலமும்கூட) 2020இல் வாடகையை உறைய வைத்தது, அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று 2021 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கியது, அதற்குள் வாடகை விளம்பரங்கள் குறைந்துபோயிருந்தன. திடீரென்று ஒரே ஆண்டில் வாடகையைத் தூக்கி ஒருவரை விரட்டுவதைத் தடுக்கும் அளவுக்கு ஒரு வரம்பு எனக்குச் சரி. அதைப் பற்றாக்குறைக்கு மருந்து என்று மட்டும் விற்காதீர்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகும்போது

முடிவு எடுக்கப்படுவது பெரும்பாலும் இங்கேதான், ஆளே இல்லாத அறையில். பாஸ்டனைச் சுற்றியுள்ள 97 ஊர்களின் கூட்டக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள் பார்த்தது: எழுந்து பேசுகிறவர்களில் வயதானவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் ஊரில் உள்ள விகிதத்தைவிட அதிகம், பெரும்பாலோர் புதுக் கட்டடத்தை எதிர்க்கிறவர்கள். பஸ்ஸில் ஏறிவிட்டவர் "உள்ளே இடமில்லை, ரைட்" என்று குரல் கொடுப்பதுபோலத்தான். புது வீட்டில் குடிவரப் போகிறவர் அந்த அறையில் இருக்கவே மாட்டார், அவர் இன்னும் அந்த ஊருக்கே வரவில்லை.

போனால் கொள்கை பேசாதீர்கள். கொடுப்பது சில நிமிடம்தான், அதில் மனை எண், எத்தனை வீடு, எந்த விதியைத் தளர்த்தக் கேட்கிறார்கள், நீங்கள் ஆதரவா எதிர்ப்பா, ஏன், அவ்வளவுதான். எதிர்ப்பதாக இருந்தால் எது மாறினால் ஒத்துக்கொள்வீர்கள் என்று சொல்லுங்கள்: கழிவுநீர்க் குழாயின் கொள்ளளவு போதாது என்றால் அதைப் பெரிதாக்கும் செலவை யார் ஏற்பது என்று கேளுங்கள், நிழல் விழும் என்றால் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று வரைபடம் கேளுங்கள். "ஏரியாவின் தன்மை கெடும்" என்று மட்டும் சொன்னால் அதற்கு யாராலும் பதில் தர முடியாது, அதனாலேயே அது எளிதாக ஜெயித்துவிடுகிறது. அந்த இடத்தில் இப்போது வாடகைக்கு இருப்பவர்கள் யாராவது காலி செய்ய வேண்டியிருக்குமா என்றும் கேளுங்கள், ஆதரிக்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். இடிப்பதற்கு முன் அவர்களுக்கு மாற்று இடம், திரும்பி வரும் உரிமை, பழைய வாடகைக்கு நெருங்கிய வாடகை, மூன்றையும் எழுத்தில் வாங்காமல் ஆதரவு தராதீர்கள்.

பேச நேரம் கிடைக்காவிட்டால் இதையே ஒரு பக்கத்தில் எழுதி, கடைசித் தேதிக்கு முன் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கூட்டக் குறிப்பு வெளியானதும் உங்கள் கடிதம் அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லி மறுபடி எழுதுங்கள்.