லேப்டாப் 97 டிகிரி போனது எதனாலன்னா

நாலு நாளா மண்டை காய்ஞ்சு போச்சு. ரெண்டு டேப் திறந்தாலே லேப்டாப் திணறுது, சூட்டைக் காட்டுற சென்சார்ஸ் கமாண்ட் போட்டு பாத்தா ப்ராசஸர் கோர் எல்லாம் 97 டிகிரி, அதோட வேகம் (கிளாக் ஸ்பீட்) 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி கிடக்கு. கூலிங் பேட் வச்சேன், 2 டிகிரி கூட குறையல. ப்ராசஸர் மேல தடவுற, சூட்டைக் கடத்துற தெர்மல் பேஸ்ட் மாத்தியும் அதே கதைதான்.

அப்புறம் தான் கவனிச்சேன், ஃபேன் முழு வேகத்துல கத்துது ஆனா பக்கவாட்டு ஓட்டைல கைய வச்சா காத்தே வரல. ஃபேன தனியா கழட்டினா, அதுக்கும் சூட்டை வெளியேத்துற ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவுல தூசி கம்பளித் துண்டு மாதிரி இறுகிப்போய் இருக்கு, வெளிய இருந்து எவ்ளோ ஊதினாலும் அது நகரல, ட்வீசர்ல புடிச்சு இழுத்ததும் அப்படியே ஒரே துண்டா உரிஞ்சு வந்துச்சு. மிச்சத்த ஊதும்போது ஃபேன் இறக்கைய விரலால புடிச்சுக்கோங்க, தாறுமாறா சுத்த விட்டா பேரிங் போயிடும்.

இப்ப அதே வேலைக்கு 68 தாண்டல, அப்பாடா.