விருந்தாளிகளோடு உலக முடிவுக்கு

வார இறுதிக்கு வந்தவர்களை இலங்கை மலைநாட்டின் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதென்றால், நுவரெலியாவிலிருந்து விடிய நாலரைக்கே வேன் புறப்படவேண்டும். அம்பேவல, பட்டிப்பொல வழியாகப் பாதை சுமார் 32 கிலோமீற்றர்தான். வளைவும் பனிமூட்டமும் வேகத்தைக் குறைத்துவிடும். 9 மணி தாண்டினால் பள்ளத்திலிருந்து முகில் ஏறி, உலக முடிவு என்ற செங்குத்து மலைவிளிம்பை மூடிவிடும். பிறகு எவ்வளவு காத்திருந்தாலும் பெரும்பாலும் வெள்ளைதான்.

பூங்கா வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகாது; தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். அதனால் ரொட்டியையும் கட்டச்சம்பலையும் லஞ்ச் ஷீட் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் சுற்றாமல், மூடி இறுகும் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுபோங்கள். வாழையிலையென்றால் சம்பல் பைக்குள் கசியும்.

சுற்றுநடை ஏறத்தாழ 9 கிலோமீற்றர், மூன்று மணிநேரம். செருப்போடு வரும் மாமிமாரை முதல்நாளே சப்பாத்துக்கு மாற்றிவிடுங்கள். வாகனத் தரிப்பிடத்தில் மரைமான்கள் கிட்ட வரும், தீனி போடாதீர்கள்.