கணினிக் கோப்பை வெட்டுவது தோற்றால்: சோதனையில் நாம் விடும் தவறுகள்

குறுவை நெல் இறங்கும் சமயம், மன்னார்குடி பக்கத்தில் ஒரு அரிசி ஆலையின் எடைப் பதிவுக் கணினியைப் பார்க்கப் போயிருந்தேன். அன்றைய மூட்டைகளுக்குக் கீழே முந்தின நாள் மூட்டைகளும் பட்டியலில் வந்துகொண்டிருந்தன. பழுதான வட்டு அது. இரவில் கோப்பின் நீளத்தைப் பூஜ்யமாக்கும் ட்ரங்கேட் அழைப்பு தோற்றிருக்கிறது. அதைக் கவனிக்காத நிரல் பழைய கோப்பின் மேலேயே முதலிலிருந்து எழுதிவிட்டது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் விவசாயிக்குப் பணம் போகிறது. அன்றிலிருந்து, ட்ரங்கேட் தோற்றால் ஃபைல்சிஸ்டம் (வட்டில் கோப்புகளை நிர்வகிக்கும் மென்பொருள்) என்ன செய்கிறது என்பதை ஒழுங்காகச் சோதிக்காமல் விடுவதில்லை.

பலர் தோல்வியையே வரவழைப்பதில்லை. கோப்பை 444 அனுமதியில், அதாவது படிக்க மட்டும் என்று, வைத்துவிட்டு, எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராகச் சோதனையை ஓட்டுவார்கள்; ரூட்டுக்கு அது தடையே இல்லை, வெட்டு நடந்துவிடும். வட்டை நிரப்பிவிட்டு, அதே ட்ரங்கேட்டால் நீளத்தைக் கூட்டிப் பார்ப்பதும் பெரும்பாலும் பயன் தராது; எதுவும் எழுதாமல் நீட்டிய வெறும் ஓட்டைக்கு லினக்ஸ் வட்டில் பிளாக் (இடத்தின் ஒரு துண்டு) ஒதுக்குவதில்லை. சாட்டர் (chattr) கட்டளையால் கோப்பை மாற்ற முடியாததாக்குங்கள், அது ரூட்டையும் தடுக்கும். யூலிமிட் (ulimit) கட்டளையால் கோப்பு அளவுக்கு வரம்பு வைத்து, அதைத் தாண்டி நீட்டியும் பார்க்கலாம். ஆனால் அப்போது இயங்குதளத்தின் மையமான கர்னல், நிரலுக்கு ஒரு சிக்னலும் அனுப்பும். அதைப் புறக்கணிக்கச் சொல்லாவிட்டால் உங்கள் சோதனை நிரலே செத்துவிடும்.

சரி, அழைப்பு தோற்றதற்கு அடையாளமான −1 வந்துவிட்டது. அத்தோடு எழுந்து போகாதீர்கள். அனுமதியாலோ வரம்பாலோ தோற்றிருந்தால் நீளம், உள்ளடக்கம், பிளாக் எண்ணிக்கை, மாற்றிய நேரம் எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். நான்கையும் ஒப்பிடுங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது, சோதனைக் கோப்பைப் பூஜ்யங்களால் நிரப்பும் பழக்கம். 10,000 பைட் கோப்பை 5,000-க்கு வெட்டி, மறுபடி 10,000-க்கு நீட்டுங்கள். பிளாக் 4,096 பைட் என்றால் வெட்டு விழுவது இரண்டாவது பிளாக்கின் நடுவில். அந்த பிளாக் கோப்பிடமே இருக்கும். அதில் 5,000 முதல் 8,191 வரை உள்ள பழைய பைட்டுகளை ஃபைல்சிஸ்டம்தான் துடைக்க வேண்டும். வெட்டு பாதியில் தோற்கும்போது இந்தக் கடைமடைப் பகுதிதான் விட்டுப்போகக்கூடிய இடம். அங்கே முதலிலிருந்தே பூஜ்யம் இருந்தால், துடைத்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு பிளாக்குக்கும் வேறு வேறு எழுத்தைப் போட்டு நிரப்புங்கள்.

அப்புறம், நிரலை கில் −9 (உடனே நிறுத்தும் கட்டளை) கொடுத்துக் கொன்றால் மின்தடையைச் சோதித்ததாக ஆகாது. நிரல் போனாலும் கர்னலின் நினைவகத்தில் இருப்பது வட்டுக்குப் போய்ச் சேரும். நிஜமாகவே கரண்ட் போவதையும் நம்பக் கூடாது. ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, ஆனால் வட்டில் எதை எழுதும்போது நடுவில் போனது என்று பிறகு சொல்ல முடியாதே. பழுதான வட்டைப் போல நடிக்கும் லினக்ஸ் கருவியான டிஎம்-ஃப்ளேக்கி (dm-flakey) வைத்து, குறித்த நேரத்தில் வட்டில் எழுதுவதைத் தோற்கச் செய்யுங்கள். பிறகு ஃபைல்சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்து (கணினியிலிருந்து கழற்றி), மறுபடி மவுண்ட் செய்து (இணைத்து), வட்டிலிருந்தே படியுங்கள். இல்லையென்றால் நினைவகப் பிரதியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) ஃபைல்சிஸ்டம் என்றால், பாதியில் நின்ற வெட்டுகளை அது அநாதைப் பட்டியலில் குறித்துவைத்து அடுத்த மவுண்டில் முடிக்கும். அதனால் ஃபைல்சிஸ்டத்தின் ஒழுங்கைப் பார்க்கும் எஃப்எஸ்சிகே (fsck) சரிபார்ப்பை, அந்த மவுண்டுக்குப் பிறகு மறுபடி அன்மவுண்ட் செய்துவிட்டு ஓட்டுங்கள்.