கிளியர் கிளாஸுக்கு அடியில வெனீர் போடறது எப்படி

ஃபைபர்கிளாஸ் பட்டை ஒட்டின வில்லுல, உள்ள இருக்கறது தெரியற கிளியர் கிளாஸுக்கு அடியில வெனீர், அதாவது மெல்லிசா அறுத்த மரத்தகடு, போடறது அழகுக்குத்தான், பலத்துக்கு இல்ல. வளையும்போது வர்ற விசையில பெரும்பங்கு ரெண்டு பக்கத்து கிளாஸ் மேலதான் விழுது, நடுவுல இருக்கற மேப்பிளோ மூங்கிலோ அந்த ரெண்டையும் தள்ளி நிறுத்தி வைக்குது. அதனாலதான் ரேகை தாறுமாறா ஓடற பர்ல் (மரத்துல முடிச்சு மாதிரி புடைச்சு வளர்ற பகுதி) மரத்தக்கூட மெல்லிசா அறுத்து தைரியமா உள்ள வைக்கலாம்.

ஆனா தடிமன் கணக்குல வெனீரும் சேரும், நிறைய பேர் இத விட்டுடறாங்க. லிம்போட (வில்லோட வளையற கை) விறைப்பு தடிமனோட மூணாம் அடுக்குல ஏறும். மொத்தம் 0.350 இன்ச் போட்டு 40 பவுண்டு இழுவிசை வரணும்னு கணக்கு பண்ணிட்டு, பக்கத்துக்கு 0.025 வீதம் ரெண்டு வெனீர கூடுதலா சொருகினீங்கன்னா 0.400 ஆயிடும், வில்லு கிட்டத்தட்ட 60 பவுண்டுக்குப் போயிடும். அந்த 0.050 இன்ச்ச கோர்லருந்து (நடு மரம்) குறைச்சிடுங்க. டேப்பர் (நுனிய நோக்கி மெலியறது) எல்லாம் கோர்லயே இருக்கட்டும், வெனீர் முழு நீளமும் ஒரே தடிமன்ல இருந்தா வேலை சுலபம்.

வாங்கும்போது பின்னாடி பேப்பர் ஒட்டினது வேண்டாம், வெறும் மரம்தான் வேணும். ஒரே கட்டைலருந்து அடுத்தடுத்து அறுத்த ரெண்டு பீஸா கேட்டு வாங்குங்க, புத்தகத்த விரிச்ச மாதிரி மேல் லிம்புக்கு ஒண்ணு கீழ் லிம்புக்கு ஒண்ணு வச்சா டிசைன் ரெண்டு பக்கமும் ஒண்ணு போல வரும், அத பாக்கறதே தனி சந்தோஷம். நடுவுல சேர்ற ஜாயிண்ட், நாண் பக்கம் கைப்பிடிக்குள்ள மறைஞ்சிடும், முதுகுப் பக்கம் (நாணுக்கு எதிர்ப்பக்கம்) மேல ஒரு சின்ன ஓவர்லே துண்டு ஒட்டிக்கலாம். ஒட்டற எபாக்ஸி பசை பட்டதும் கலர் கருக்கும், அது எப்படி இருக்கும்னு முன்னாடியே பாக்கணும்னா அசிட்டோன ஒரு துணியில நனைச்சு துடைச்சுப் பாருங்க.

ஒட்டறதுதான் உயிர் நாடி. கிளியர் கிளாஸுக்கு அடியில ஒரு தூசியோ காத்துக் குமிழியோ மாட்டினா அது வில்லு இருக்கற வரைக்கும் வெள்ளையா தெரியும், அப்புறம் எடுக்கவே முடியாது. நான் ஒருதடவை கொக்கோபோலோங்கற சிவப்பு மரத்தையும் மேப்பிளயும் ஒரே மேஜைல உப்புத்தாள் போட்டு தேய்ச்சேன், அந்தச் சிவப்புத் தூள் மேப்பிள் ரேகைக்குள்ள போய் எபாக்ஸி பட்டதும் கறையா பரவிடுச்சு, இன்னும் அந்த வில்லப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. அதனால வெளிர் மரத்த தனியா தேய்ங்க. பர்ல்ல இருக்கற ஓட்டைய எல்லாம் முன்னாடியே எபாக்ஸி வச்சு அடைச்சு சமமா தேய்ச்சிடுங்க. கொக்கோபோலோ மாதிரி எண்ணெய் மரத்த ஒட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அசிட்டோன் போட்டு துடைச்சு, அது காஞ்ச உடனே ஒட்டிடணும்.

எபாக்ஸிய கிளாஸ், வெனீர் ரெண்டு பரப்புலயும் தடவுங்க, ஒரு பக்கம் மட்டும் போதாது. கிளாஸோட சொரசொரப்பான பக்கம் உள்ள இருக்கணும். கிளாம்ப நடுவுலருந்து நுனிய நோக்கி முடுக்கிட்டே போனா காத்து வெளிய போகும், ரொம்ப இறுக்கி பசைய மொத்தமா பிதுக்கி எடுத்துடாதீங்க, ஓரம் பூரா மெல்லிசா கசிஞ்சு வந்தா சரியா இருக்குன்னு அர்த்தம்.