பூட்டன் எப்போது காலமானார்? யாழ்ப்பாணக் குடும்பங்களின் மரணப் பதிவுகளைத் தேடும் வழி

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் பழைய கதையைத் தேடக் கிளம்புகிற எல்லாரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன்: நேரே பிரதேச செயலகத்துக்குப் போய் மரணப் பதிவு வேண்டும் என்று நிற்பது. அங்கே இருந்தவர் கோபப்படாமல் கேட்டார், எந்தத் திகதி, எந்தப் பதிவாளர் பிரிவு என்று. அது தெரிந்திருந்தால் நான் ஏன் அங்கே வருகிறேன்? அம்மம்மாவின் தகப்பன், அதாவது என் பூட்டன், எப்போது எங்கே காலமானார் என்பதுதான் கேள்வியே. ஆக, அரசாங்கப் பதிவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் திறக்க வேண்டியது வீட்டு அலுமாரியை.

அலுமாரியில் தேட வேண்டியது கல்வெட்டு. ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை, ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் இதைப் படித்தால் கல்லில் வெட்டியது என்று நினைத்துவிடுவார்கள். சைவக்காரரை எரிப்பதால் பெரும்பாலும் கல்லறை இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை, அந்த இடத்தில் இருப்பது முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்துக் கொடுக்கும் ஒரு சின்னப் புத்தகம். இப்போது நினைவு மலர் என்று பளபளப்பான தாளில் நிறப் படத்தோடு வருகிறது. பழையது மலிவான தாளில், மூலைகள் மடிந்து, சாமி அறையில் தேவாரப் புத்தகத்தோடு சேர்ந்து கிடக்கும். சிவபுராணமும் தோத்திரப் பாடல்களும்தான் பாதிப் பக்கம் என்பதால் பலர் அதைப் பாட்டுப் புத்தகம் என்றே வைத்திருக்கிறார்கள். அதனால் கேட்கும்போது "கல்வெட்டு இருக்கிறதா" என்பதோடு நிறுத்தாமல், "தேவாரப் புத்தகங்கள் வைத்திருக்கிற இடத்தை ஒருக்கால் பார்க்கலாமா மாமி" என்றும் கேளுங்கள். எனக்குக் கிடைத்த மூன்றும் அப்படிக் கிடைத்தவைதான்.

உள்ளே வாழ்க்கை வரலாறு இருக்கும், மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் இருக்கும், சிலதில் வம்சாவளியை மரமாகவே வரைந்திருப்பார்கள். வரலாற்றைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள், செத்தவர்கள் எல்லாரும் அதில் நல்லவர்கள். புலம்பல்களைத் தள்ளிவிடாதீர்கள், எந்தப் பிள்ளை அப்போது எந்த நாட்டில் இருந்தது, யார் வந்து முகம் பார்க்க முடியாமல் போனது என்பதெல்லாம் அந்தப் பாட்டுக்குள்தான் இருக்கும். ஆனால் தேடுகிற ஆளுக்கு அதில் முதல் தரமான பக்கம் திதி வெண்பா. நாலே வரியில் வருஷத்தின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி, எல்லாவற்றையும் புலவர் அடக்கியிருப்பார். ஆங்கிலத் திகதியை அச்சுக்காரர் பிழையாகக் கோத்திருக்கலாம், வெண்பாவில் வருஷத்தின் பெயர் அவ்வளவு சுலபமாகப் பிழைக்காது.

அதைத் திகதியாக மாற்றுவது பெரிய வித்தை இல்லை. வருஷப் பெயர்கள் அறுபது, பிரபவ தொடங்கி அட்சய வரை, பிறகு திரும்பவும் பிரபவ. 1927 சித்திரையில் ஒரு பிரபவ பிறந்தது, 1987இல் அடுத்தது. உங்களுக்குக் கிடைத்த பெயர் அந்தப் பட்டியலில் எத்தனையாவது என்று எண்ணி, அதில் ஒன்றைக் குறைத்து 1927உடன் கூட்டினால் வருஷம் வந்துவிடும். விய இருபதாவது, ஆகவே 1946. அறுபது வருஷம் முன்னாலோ பின்னாலோ தள்ளினால் 1886, 2006. இவற்றில் எது என்பதை ஆளின் தலைமுறையே சொல்லிவிடும். கவனிக்க வேண்டியது ஒன்று: தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால், விய வருஷத்துத் தையும் மாசியும் 1947இல் விழும். மார்கழி இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும். எத்தனை குடும்ப மரங்களில் இந்த ஒரு வருஷப் பிழை இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால் அலுத்துவிடும்.

இன்னொரு சிக்கல், எங்கள் ஊரில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டு கட்சி. திதி தொடங்கும், முடியும் நேரங்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்காது, அதனால் நீங்கள் கணிக்கும் திகதி ஒரு நாள் முன்பின்னாக வரலாம். விய வருஷம் ஆடி அபரபக்க ஏகாதசி என்றால் 1946 ஜூலை 24ஐ ஒட்டிய நாள். தேடுவதற்கு அது தாராளமாகப் போதும்.

சரி, கல்வெட்டே இல்லை, என்ன செய்வது? பூட்டனுக்கு எங்கள் வீட்டில் அப்படித்தான். அப்போது வயதானவர்களிடம் "எப்போது செத்தவர்" என்று கேட்கக் கூடாது, முதலாவது அது கேட்கும் முறை இல்லை, இரண்டாவது அவர்களுக்கு அந்த மாதிரித் திகதியாக எதுவும் ஞாபகத்தில் இல்லை. "ஆட்டைத் திதி எப்போது செய்வீர்கள்" என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள், ஏனென்றால் வருஷா வருஷம் அந்த நாளில் விரதம் இருந்து படைத்திருக்கிறார்கள். மாதமும் திதியும் கையில். வருஷத்துக்கு ஊரின் பெரிய சம்பவங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 58 கலவரத்துக்கு முன்னா பின்னா, 64 டிசம்பர் சூறாவளிக்கு வீட்டில் இருந்தாரா, இந்திய ஆமி வந்தபோது உயிரோடு இருந்தாரா, 95 இடப்பெயர்வில் கூட வந்தாரா. எனக்கு உதவியது பெரியம்மா வீட்டில் கிடந்த பழைய பஞ்சாங்கம் ஒன்று, ஆடிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "ஐயா" என்று மட்டும் எழுதியிருந்தது. முன்னட்டையில் விய வருஷம்.

அடுத்தது மரண அறிவித்தல். உலகத்தில் வேறு எங்கேயும் இப்படி ஒரு அறிவித்தல் எழுதுவார்களோ தெரியாது, எங்கள் ஆட்கள் எழுதுவது முழுக்க முழுக்க உறவுமுறைப் பட்டியல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இறைவனடி சேர்ந்தார், அன்னார் காலஞ்சென்றவர்களான இன்னார் இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னார் தம்பதிகளின் மருமகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் தந்தையும், சகோதரரும், மைத்துனரும், பேரனும் (எங்கள் ஊரில் பேரன் என்றால் தாத்தா) ஆவார் என்று ஒரே வசனம் பத்து வரிக்குப் போகும். பெண்களைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி, மற்றப் பதிவுகளில் கணவன் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடுகிற ஒருத்தியின் தாய் தகப்பன் பெயர் இதில் வெளிப்படையாக வந்துவிடும். மருமக்களின் பெயர் வரிசை பெரும்பாலும் பிள்ளைகளின் வரிசையோடு பொருந்தும், யார் யாரைக் கட்டினார்கள் என்று அதிலேயே பிடித்துவிடலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் "காலஞ்சென்ற" என்ற சொல். ஒருவரின் அறிவித்தல் கிடைக்கவில்லை என்றால் அவரின் சகோதரர்கள், மைத்துனர்கள் எல்லாருடைய அறிவித்தல்களையும் எடுத்து வருஷப்படி அடுக்குங்கள். 1972இல் அண்ணன் செத்தபோது அவர் பெயருக்கு முன் ஒன்றும் இல்லை, 1979இல் தங்கை செத்தபோது "காலஞ்சென்ற" வந்துவிட்டது என்றால் அவர் நடுவில் போய்விட்டார். இப்படி மூன்று நாலு வைத்தால் இடைவெளி ஒன்றிரண்டு வருஷமாகச் சுருங்கிவிடும். ஆனால் பட்டியலில் இல்லாதவர் பிறக்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குச் சம்மதம் இல்லாமல் கட்டிக்கொண்ட மகள், முதல் தாரம், கோபத்தில் இருக்கிற தம்பி, இவர்களை விட்டுவிட்டு எழுதிய அறிவித்தல்கள் நிறைய. ஒரு வீட்டுக்கு இரண்டு அறிவித்தல் வந்து, இரண்டிலும் பிள்ளைகளின் எண்ணிக்கை வேறாக இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

இவற்றை எங்கே பார்ப்பது? கடந்த பதினைந்து, இருபது வருஷத்துக்குள் என்றால் இணையத்தில் பெயரையும் ஊரையும் தமிழில் போட்டாலே வரும், லங்காசிறியின் ரிப்புக் மாதிரியான இடங்களில் குவிந்து கிடக்கிறது. அதற்கு முன்னால் என்றால் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம். 2005இல் தொடங்கியது, இலவசம், ஊர் ஊராகச் சேர்த்த நினைவு வெளியீடுகளை வருடி ஏற்றியிருக்கிறார்கள், ஈழநாடு, ஈழகேசரி, இந்து சாதனம் போன்ற பழைய பத்திரிகைகளும் இருக்கின்றன. ஆனால் பத்திரிகைப் பக்கங்கள் பெரும்பாலும் படங்கள்தான், பெயரைத் தட்டினால் உள்ளே இருக்கிற அறிவித்தல் வராது, திகதியை வைத்து இதழ் இதழாகப் புரட்ட வேண்டும். திதியை முதலில் பிடியுங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னது இதற்காகவும்தான். செத்த நாளிலிருந்து ஏழு நாள், பிறகு முப்பத்தோராம் நாள், அதன் பிறகு ஓராண்டு நினைவு, இந்த மூன்று இடத்தையும் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் ஈழநாடு அலுவலகத்தையும் எரித்தபோது போனது போனதுதான், ஆனாலும் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வீரகேசரி, தினகரன் உட்பட பழைய பத்திரிகைகளைக் கேட்டுப் பார்க்கலாம். வானொலியில் வாசித்த மரண அறிவித்தல்கள் மட்டும் காற்றோடு போய்விட்டன, அந்தக் குரல் வந்தால் வீட்டில் எல்லாரும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு நிற்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மலாயாவுக்கு ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோரிலும் உத்தியோகத்துக்குப் போன ஆட்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தை விட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இலிருந்து இருக்கிறது, அங்கே சொல்லைத் தட்டித் தேட முடியும். பெயரை மட்டும் பல விதமாகப் போட்டுப் பாருங்கள். கந்தையாவை ஆங்கிலத்தில் கே எழுத்திலும் தொடங்குவார்கள், அந்தக் காலத்தில் சி எழுத்திலும் தொடங்குவார்கள், நடுவில் தகரத்துக்கு எச் சேர்ப்பது எழுதுகிறவர் இஷ்டம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் என்பதையும் அந்தத் தளத்துக்குத் தெரியாது. வெறும் கந்தையாவைத் தேடினால் பொழுது போய்விடும், ஊரின் பெயரையும் சேருங்கள்.

இப்போது திகதி கையில் இருக்கிறது, பதிவாளரிடம் போகலாம். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது, ஆக பூட்டனுக்கும் கொப்பாட்டனுக்கும் பதிவு இருக்க நியாயம் உண்டு. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பகுதியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இங்கே எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று: மரணத்தை, அவர் வாழ்ந்த ஊரில் அல்ல, உயிர் போன இடத்தின் பிரிவில்தான் பதிவார்கள். வேலணைக்காரர் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் செத்தால் அவர் வேலணைப் பதிவில் இருக்க மாட்டார். பூட்டனை நான் ஊர்ப் பிரிவில் தேடி, இல்லை என்று திரும்பி வந்தேன். பிறகு அம்மாதான் சொன்னா, கடைசியில் அவரை மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதாம் என்று. மானிப்பாய்ப் பிரிவில் இருந்தது. அந்த நாளில் ஊருக்குக் கிட்ட எந்த ஆஸ்பத்திரி, இணுவிலா, மானிப்பாயா, மந்திகையா என்று முதலே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் உள்ளூர்ப் பதிவேடு தொலைந்திருந்தால் கொழும்பில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிரதி இருக்கிறதா என்று கேட்கலாம். போரில் செத்தும் பதியாதவர்கள், காணாமல் போனவர்கள் இருக்கிற வீடுகளில் இந்தத் தேடலையே மெதுவாகத்தான் தொடங்க வேண்டும், சில வீடுகளில் தொடங்கவே கூடாது.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் வேலை பாதி குறைவு. பங்குக் கோயிலில் அடக்கம் செய்தவர்களின் புத்தகம் இருக்கும், சேமக்காலையில், அதாவது கல்லறைத் தோட்டத்தில், கல்லும் இருக்கும், பங்குச் சுவாமியாரிடம் முதலே சொல்லிவிட்டு, ஞாயிறு பூசை நேரம் இல்லாமல் போங்கள். அமெரிக்க மிஷனோடு தொடர்பான குடும்பங்கள் 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையையும் பார்க்க வேண்டும்.

மரண அத்தாட்சிப் பத்திரம் கையில் வந்ததும் வயதை நம்பாதீர்கள், அறுபது, எழுபது, எண்பது என்று வட்டமாக இருந்தால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது. தாய் தகப்பன் பெயரும் சொன்னவரின் ஞாபகம்தான். அதனால் நான் முதலில் பார்ப்பது மரணத்தைப் பதிவாளருக்கு அறிவித்தவர் யார் என்ற கட்டத்தை. மகன் என்றால் தகப்பன் வழிப் பெயர்கள் ஓரளவு சரியாக இருக்கும், அயலவர் என்றால் எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் சரிபார்க்க வேண்டும்.

பூட்டனின் பத்திரத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு பெயர், உறவு "சகோதரன்" என்று இருக்கிறது. அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ அப்படி ஒரு ஆளைத் தெரியாது. பூட்டனுக்குத் தம்பியே இல்லை என்று இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். இப்போது நான் அந்த ஆளின் கல்வெட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.