சொந்தமாகப் புத்தகம் போடுகிறீர்களா? அட்டையை அச்சுக்கு அனுப்பும் முன்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் சொந்தச் செலவில் தமிழ்ப் புத்தகம் போடும் நண்பர்களே, அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது எழுத்து, படம் அப்புறம்தான். வடிவமைப்பவருக்கு மலையாளம் மட்டுமே படிக்கத் தெரியும் என்றால், தமிழ் உடைந்து நிற்பது அவர் கண்ணில் படாது. கொ, பெ, கை போன்றவற்றில் கொம்பு இடம் மாறியிருக்கிறதா, மெய்யின் புள்ளி விலகி நிற்கிறதா என்று நீங்களே எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பழைய ஃபோட்டோஷாப்பில் இந்தக் கோளாறு அதிகம். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை அலமாரியில் நிறுத்தினால் தெரியும் முதுகையும் பின்னட்டையையும் விட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் உழைத்து எழுதியது அட்டையிலேயே பிழையோடு வெளிவருவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

அப்புறம், அட்டையைப் போனில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இணையக் கடையில் வாசகர் பார்ப்பது ஏறக்குறைய அந்த அளவில்தான். தலைப்பு படிக்க முடியவில்லையா? எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் இருக்கும் படத்தை எளிமையாக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்; அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் (300 டிபிஐ) வேண்டும். அச்சான பின் ஓரத்தை வெட்டுவார்கள் என்பதால், அட்டைப் படத்தை ஓரங்களில் 3 மி.மீ. கூடுதலாக நீட்டி விடுங்கள். முதுகின் அகலத்தை, பக்க எண்ணிக்கையும் தாளும் முடிவான பிறகே அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள்.