மொறிஸ் மைனர் கொதிக்கிறதா? ரேடியேற்றர் வாங்க முன் பார்க்கவேண்டியவை

கார் கொதிக்குது என்றவுடன் ரேடியேற்றரைக் கழற்றுவதுதான் இங்கே பலரின் பழக்கம். அது கடைசியில் தொடவேண்டிய வேலை. கீழே உள்ள அளவுகள் 948, 1098 சீசீ மொறிஸ் மைனருக்கானவை. மற்றப் பழைய கார்களுக்கும் ஒழுங்கு இதேதான், அளவுதான் மாறும்.

உண்மையிலேயே கொதிக்கிறதா?

மைனர் தொழிற்சாலையிலிருந்து வெப்பமானி இல்லாமல்தான் வந்தது. தனியாக விரிவுத் தாங்கியும் இல்லை. வாய்வரை தண்ணீர் நிரப்பினால், சூடாகி விரிந்த தண்ணீர் கழுத்திலுள்ள மிகைநீர்க் குழாயால் வெளியே போகும். அது கொதிப்பல்ல. குளிர்ந்த எஞ்சினில் கழுத்துக்கு 3 சென்ரிமீற்றர் கீழே நிரப்பி, ஒரு ஓட்டம் ஓடிவந்து, ஆறிய பிறகு பாருங்கள். மட்டம் அப்படியே நின்றால் காரில் பிழை இல்லை.

சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

எப்போது கொதிக்கிறது?

பாதி விடை இதிலேயே இருக்கிறது. கஸ்தூரியார் வீதி நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் காற்றோட்டக் குறை: பானை (காற்றாடியை) சுற்றும் பெல்ற் தளர்வு, அல்லது பூச்சியும் புழுதியும் அடைத்த ரேடியேற்றர் முகப்பு. பெல்ற்றின் நீண்ட பக்கத்தை விரலால் அழுத்தினால் சுமார் 13 மில்லிமீற்றர் தாழவேண்டும்.

ஆனையிறவு வெட்டையில் வேகமாகப் போகும்போது சூடேறினால் பான்மேல் குறை சொல்லாதீர்கள், காற்று தானாகவே வருகிறது. தண்ணீர் ஓடவில்லை, அல்லது ரைமிங் (பிளக்கில் நெருப்புப் பிடிக்கும் நேரம்) பிந்துகிறது. கீழ் ஹோஸையும் பாருங்கள். ஒருவர் அக்சிலறேற்றரை மிதிக்க, மற்றவர் கவனிக்கவேண்டும். ஹோஸ் ஊறிப்போயிருந்தால் பம்ப் இழுக்கிற இழுவையில் சப்பையாகும்.

எடுத்து ஐந்து நிமிடத்திலேயே கொதித்தால் தேர்மோஸ்ரற் (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் வால்வு) அல்லது ஹெட் காஸ்கற் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தகடு).

மூடியும் தேர்மோஸ்ரற்றும்

மூடியில் 7 என்ற இலக்கம் இருக்கவேண்டும் (சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம்). அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 111 பாகையில்தான் கொதிக்கும். றப்பர் வெடித்திருந்தால் 100 பாகையிலேயே ஆவி கிளம்பும். நல்லதென்று 13 இறாத்தல் மூடி போட்டால் பழைய ஈயப் பற்றுகள் விட்டுவிடும்.

தேர்மோஸ்ரற்றை நூலில் கட்டி, சட்டிக்குள் அடி தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 பாகை அளவில் திறக்கத் தொடங்கவேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். "கழற்றி எறி, குளிராய் ஓடும்" என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். அது தருகிற தடை இல்லாமல் போனால் ஹெட்டுக்குள் அழுத்தம் குறைந்து, வால்வுகளைச் சுற்றி ஆவிக்குமிழ் கட்டும்.

சுண்ணாம்பு

யாழ்ப்பாணத்துக் கார்களில் முதல் சந்தேகம் இதன்மேல்தான். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படை பிளாக்குக்குள்ளும் படிகிறது. அந்தப் படை வெப்பத்தைத் தண்ணீருக்கு விடாது. பம்ப்பிலிருந்து தூரமான நாலாம் சிலிண்டரைச் சுற்றித்தான் சேறும் துருவும் கூடுதலாகத் தங்கும்.

சோதனை எளிது. பிளாக்கின் பின்பக்கத் தண்ணீர்த் திறப்பைத் திறவுங்கள். ஒன்றும் வராவிட்டால் கம்பியால் குத்துங்கள். கம்பி சேற்றில் புதைந்தால் காரணம் கையில் வந்துவிட்டது.

தேர்மோஸ்ரற்றைக் கழற்றி, 250 கிராம் சிற்றிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றி, எஞ்சினை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஆறவிட்டு வடியுங்கள். பிறகு ஹோஸ்களைக் கழற்றி, ரேடியேற்றருக்குக் கீழிருந்து மேலாகக் குழாய்த் தண்ணீர் பாய்ச்சுங்கள். தெளிந்த பின் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து இன்னொரு முறை ஓட்டிக் கழுவுங்கள், அமிலம் மிச்சம் நிற்கக்கூடாது. இந்தக் கழுவல் செப்பு, பித்தளை ரேடியேற்றருக்கு மட்டும், அலுமினியத்துக்கு வேண்டாம். படை போனதும் அதுவரை அடைத்திருந்த ஓட்டைகள் ஒழுகத் தொடங்கலாம். பழியைக் கழுவலில் போடாதீர்கள்.

நிரப்புவதற்கு மீண்டும் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். வடித்த தண்ணீர் 4 லீற்றர், பழைய கார்களுக்கான நீலக் கூலன்ற் ஒன்றரை லீற்றர். நல்ல மழைநீரும் பரவாயில்லை.

ரைமிங்

நெருப்பு பிந்திப் பிடித்தால் எரிதல் இழுபட்டு, சூடு புகை வெளிவழியையும் ஹெட்டையும் தாக்கும். டிஸ்றிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் இடைவெளி 0.38 மில்லிமீற்றர். டிஸ்றிபியூட்டரையும் காபரேற்றரையும் இணைக்கும் வெற்றிடக் குழாயை காபரேற்றர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். நாக்கைப் பிடிக்காவிட்டால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது.

ஹெட் காஸ்கற்

மூடி திறந்த குளிர்ந்த எஞ்சினை எடுங்கள். முதலில் சில குமிழ்கள் வரலாம். விடாமல் வந்தாலோ, ஒயில் மூடியின் உட்புறம் பால்தேத்தண்ணி நிறத்தில் படிந்தாலோ கொம்பிறெசன் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தம்) பாருங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்தால் காஸ்கற் அவற்றின் நடுவே போயிருக்கிறது. ஹெட்டைக் கழற்றினால், புதிய காஸ்கற் வைக்க முன் நேரான இரும்புச் சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். 0.05 மில்லிமீற்றர் பீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் நுழைந்தால் ஹெட்டைச் சீவக் கொடுக்கவேண்டும்.